என்ன குழந்தை என்று கேட்காத கடை

என் தங்கைக்கு எட்டாம் மாதம் நிறைந்த வாரத்தில், பிரசவத்துக்கு வரும்போது கொண்டுவர வேண்டியவற்றை எழுதிய ஒரு தாளை மருத்துவமனையில் கொடுத்தனுப்பினார்கள். குழந்தைக்கென்று அதில் இருந்தவை மிகச் சில: துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வெள்ளை வேட்டித் துணி நான்கு, முன்பக்கம் முடிச்சிடும் ஜப்லா ஆறு, லங்கோடு ஒரு டஜன், தொப்பி, கையுறை, காலுறை, போர்த்த ஒரு துவாலை. பிறப்பதற்கு முன் புதுத் துணி எடுத்து வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மாவின் காதில் விழுந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகிவிடும் என்பதால், பெரியம்மா ஆகப்போகிறவள் என்ற உரிமையில் யாருக்கும் சொல்லாமல் நானே கோயம்புத்தூருக்குப் பேருந்து ஏறினேன். அந்தப் பயணத்திலும் அதற்குப் பின் வந்த எட்டு மாதங்களிலும் இரண்டு கடைகளில் எடுத்த துணிகளைப் பற்றியது இந்த மதிப்புரை. முதற்கடையைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு, ஆகவே அதன் பெயரை எழுதவில்லை; இரண்டாவது கடைக்குப் பெயர்ப்பலகையே இல்லை.

முதற்கடை ஒரு வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. பல ஊர்களில் கிளைகள் உள்ள நிறுவனம். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கச் சுவர் முழுதும் நீலமாகவும் வலப்பக்கச் சுவர் முழுதும் ரோஸ் நிறமாகவும் தெரிகின்றன. இரண்டுக்கும் நடுவில், பணம் செலுத்தும் இடத்தை ஒட்டி, ஒற்றைக் கம்பித் தாங்கியில் மஞ்சளும் வெளிர்பச்சையுமாகப் பத்துப் பதினைந்து உடைகள் தொங்குகின்றன. நான் கேட்க வாயெடுக்கும் முன்பே விற்பனைப் பெண், "பையனுங்களாக்கா, பொண்ணுங்களா?" என்றார். "இன்னும் பொறக்கலம்மா" என்றேன். "ஸ்கேன்ல..." என்று தொடங்கியவர் தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "அப்ப எல்லோ பாருங்கக்கா, இல்லாட்டி கிரீன். ரெண்டுக்கும் ஆகும்" என்று அந்தத் தாங்கியைக் காட்டினார்.

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கருவிலிருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையாலோ தெரிவிப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். அதைச் சொல்லும் பலகை மாட்டப்படாத ஸ்கேன் மையத்தைத் தமிழ்நாட்டில் காண முடியாது. பெண் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக 1992இல் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்த மாநிலம் இது. அந்தப் பலகை இங்கே வெறும் சம்பிரதாயமன்று. ஆகவே சட்டத்தை மதிக்கும் எந்தக் குடும்பமும் பிரசவத்துக்கு முன் இந்தக் கடைக்குள் பதில் தெரியாமல்தான் நுழைகிறது. அப்படியிருக்க, தெரிந்தவர்களுக்கு இரண்டு முழுச் சுவர்களும் தெரியாதவர்களுக்கு ஒரு கம்பியும் ஏன் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்ற கேள்வி அப்போதே எனக்குள் எழுந்தது. விடை, குழந்தை பிறந்து மூன்றாம் நாள் தானாகவே வீடு தேடி வந்தது.

அதற்கு முன், நான் வாங்கிய பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் நிறத்தில் வாத்துப் படம் போட்ட 10 உருப்படிகள் கொண்ட பரிசுப் பெட்டி அது. விலை 1,099 ரூபாய். பெட்டியின் கண்ணாடித்தாள் சன்னல் வழியே தெரியும் ஜப்லா மட்டும் நல்ல கனமான இன்டர்லாக் என்னும் இரட்டைப் பின்னல் துணியில் தைக்கப்பட்டிருந்தது. பின்னால் மடித்துச் செருகியிருந்த மற்றவையோ வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு மெல்லிய ஒற்றைப் பின்னல் துணி. மேல்சட்டையும் அடியில் பட்டனுமாக ஒரே துண்டாய் வரும் பாடிசூட் தலைவழியாக மாட்டும் வகையைச் சேர்ந்தது. தொப்புள்கொடி விழாத குழந்தைக்கு, கழுத்து நிற்காத பருவத்தில், அதை மாட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும். அளவுச் சீட்டில் 0 முதல் 3 மாதம் என்று இருந்தது. 2 கிலோ 700 கிராம் எடையில் பிறந்த எங்கள் குழந்தை அதற்குள் மூன்று வாரம் நீந்திக்கொண்டிருந்தது. காலுறைகள் உதைத்த மாத்திரத்தில் கழன்றன. எச்சில் துணியின் ஒட்டுப்பட்டை கழுத்தின் பின்புறத்தில் உரசிச் சிவப்புக் கோடு போட்டது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைகள். கையுறையைத்தான் பொறுக்க முடியாது. நான்காம் நாள் இரவு குழந்தை விடாமல் அழுதது. பால் குடிக்கவில்லை, துணியும் நனையவில்லை. வயிற்று வலியாக இருக்குமென்று எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கையில் அம்மா மட்டும் ஒன்றும் பேசாமல் கையுறைகளைக் கழற்றினார். உள்ளே, துணி ஓரம் பிரியாமலிருக்கப் போடும் ஓவர்லாக் தையலிலிருந்து பிசிறாக நின்ற நூலொன்று மோதிர விரலைச் சுற்றி இறுகியிருந்தது; விரல் நுனி கருஞ்சிவப்பாகிவிட்டது. நகவெட்டியால் நூலை நறுக்கிய பின் விரல் பழைய நிறத்துக்குத் திரும்ப அரை மணி நேரம் ஆயிற்று. நூலோ தலைமுடியோ இப்படிச் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுப்பது கைக்குழந்தைகளுக்கு நேரும் ஆபத்துகளுள் ஒன்று என்று மறுநாள் குழந்தை மருத்துவர் சொன்னார்; கவனிக்காமல் விட்டால் விரலையே இழக்க நேரலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எந்தக் கடையில் வாங்கினாலும் கையுறையையும் காலுறையையும் உள்வெளியாகத் திருப்பி, தொங்கும் பிசிறுகளை வெட்டிய பிறகே மாட்டுங்கள். வெளியே வாத்துக்குக் கண் வைத்துத் தைத்தவர்களுக்கு உள்ளே பிசிறு வெட்ட நேரமில்லாமல் போனதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இனி அந்த மூன்றாம் நாளுக்கு வருகிறேன். பிறந்தது பெண் குழந்தை. செய்தி தெரிந்ததும் பார்க்க வந்த உறவினர்களும் தங்கையின் அலுவலகத் தோழிகளும் கொண்டுவந்த பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினோம். மொத்தம் பதினொன்று, அவற்றுள் ஒன்பது ரோஸ், ஒன்று ஊதா, ஒன்று வெள்ளை. வெள்ளைப் பெட்டி ஒரு பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்தது. பெரும்பாலானவை நான் போன அதே கடையின் வலப்பக்கச் சுவரிலிருந்து வந்தவை என்பது விலைச்சீட்டில் தெரிந்தது. அந்த இரண்டு சுவர்களும் குழந்தைக்காகவோ தாய்க்காகவோ எழுப்பப்பட்டவை அல்ல, பார்க்க வருபவர்களுக்காக எழுப்பப்பட்டவை என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். பரிசு வாங்குபவருக்குக் குழந்தையின் எடை தெரியாது, தொப்புள்கொடி விழுந்ததா என்பது தெரியாது, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. தெரிந்த ஒரே செய்தி பிள்ளை ஆணா பெண்ணா என்பது. கடை அந்த ஒரு செய்தியை வைத்தே முழுச் சரக்கையும் பிரித்து வைத்திருக்கிறது.

பெட்டிகளில் வந்தவற்றுள் மிக உரத்துப் பேசும் பொருள் தலைப்பட்டை. முடியில்லாத குழந்தையைப் பெண் என்று அறிவிப்பதைத் தவிர அதற்கு வேறொரு பயனும் இல்லை. பூ ஒட்டிய எலாஸ்டிக் பட்டைகள் மொத்தம் நான்கு வந்தன. படம் எடுப்பதற்காகப் பத்து நிமிடம் ஒன்றை மாட்டினோம். கழற்றியபோது நெற்றியைச் சுற்றி ஒரு பள்ளம் பதிந்திருந்தது. நான்கையும் பிறகு தொட்டில் சீலையின் ஓரத்தை மடித்துக் கட்டுவதற்குப் பயன்படுத்தினோம். அந்த வேலைக்கு மிகவும் உறுதியானவை.

ஏழாம் மாதம் அரைக்கால்சட்டை எடுக்க மறுபடியும் அங்கே போனபோது, அளவெடுக்கும் நாடாவைக் கைப்பையில் கொண்டுபோனேன். ஒரே நிறுவனம், ஒரே மாத அளவு, ஒரே விலை கொண்ட இரண்டு அரைக்கால்சட்டைகளை இரு சுவர்களிலிருந்தும் எடுத்து வந்து மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். ரோஸ் சுவரிலிருந்து எடுத்தது கால்நீளத்தில் இரண்டு விரற்கடை குறைவு, துணியும் மெல்லியது, பையைப் போல் ஒரு மடிப்பு மட்டும் தைத்திருந்தார்களே தவிர உள்ளே பை இல்லை. நீலச் சுவரிலிருந்து எடுத்ததற்கு முழங்கால் வரை நீளமும் உண்மையான இரண்டு பைகளும் இருந்தன. தவழ்கிற குழந்தைக்குப் பை எதற்கு என்று கேட்கலாம், நியாயமே. ஆனால் முழங்கால் இருவருக்கும் ஒன்றுதானே, தரையும் ஒன்றுதானே. பரிசாக வந்த ஃபிராக்குகளின் கதை இதைவிட மோசம். குழந்தை தவழத் தொடங்கியதும் தன் முழங்காலாலேயே விளிம்பை மிதித்து முகம்குப்புற விழுந்தது; இரண்டாவது விழுதலுக்குப் பிறகு ஃபிராக்குகள் அனைத்தும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின. நான் நீலச் சுவர் அரைக்கால்சட்டையை வாங்கினேன். பணம் வாங்கிய இளைஞர், "இது பாய்ஸ்ங்க மேடம்" என்று எச்சரித்தார். "தெரியுமுங்க" என்றேன். "மாத்தறதுன்னா பதினஞ்சு நாளைக்குள்ள வந்துருங்க" என்று பில்லின்மேல் வட்டமிட்டுக் கொடுத்தார்.

"எப்பவுமே பொண்ணுன்னா ரோஸ் தானுங்களே" என்று அந்த விற்பனைப் பெண் ஒருமுறை சொன்னார். அந்த "எப்பவுமே" எவ்வளவு இளையது என்பதை அறிந்தால் அவருக்கும் வியப்பாக இருக்கும். இந்த வழக்கம் நமக்கு வந்து சேர்ந்தது மேலைநாட்டுச் சந்தையிலிருந்து. அங்கேயே அது பழையதன்று. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை இரண்டரை வயதில், 1884இல், எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. தோள்வரை முடியும் வெள்ளைப் பாவாடையுமாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தையை இன்று காட்டினால் நூற்றுக்கு நூறு பேரும் பெண் என்பார்கள். அக்காலத்தில் அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆறேழு வயது வரை வெள்ளை கவுன்தான் வழக்கம். கொதிக்க வைத்து வெளுக்கலாம், நனைந்தால் எளிதில் மாற்றலாம் என்பவையே அதற்குக் காரணங்கள். வெளிர் நிறங்கள் புழக்கத்துக்கு வந்த பிறகும் எது யாருக்கு என்பதில் உடன்பாடு இருக்கவில்லை. குழந்தை ஆடை வணிகர்களுக்காக வெளிவந்த அமெரிக்க இதழொன்று 1918இல், ரோஸ் நிறம் உறுதியும் வலிமையும் மிக்கது என்பதால் ஆண் குழந்தைக்கும், நீலம் மென்மையும் நளினமும் உடையது என்பதால் பெண் குழந்தைக்கும் பொருந்தும் என்று எழுதியது. 1927இல் டைம் இதழ் பெருநகரக் கடைகள் எந்த நிறத்தை யாருக்குப் பரிந்துரைக்கின்றன என்று பட்டியலிட்டபோது, கடைக்குக் கடை விடை மாறியது. இன்றைய வரிசை நிலைபெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பிறக்கும் முன்பே பாலினம் தெரியும் வசதி 1980களில் அங்கே பரவியதும் அது இறுகியது. அண்ணனின் நீலச் சட்டையைத் தங்கைக்குப் போட முடியாதென்றால் இரண்டாவது குழந்தைக்கும் முதலிலிருந்து வாங்க வேண்டும் அல்லவா? வணிகக் கணக்கு அதில் அடங்கியிருக்கிறது.

நம் வீடுகளின் கணக்கு இதற்கு நேர்மாறாக இருந்தது. பிறந்த குழந்தைக்கு முதலில் சுற்றுவது வயதில் மூத்தவர் உடுத்துத் துவைத்து மெத்தென்றான பழந்துணிதான். அவர்களைப் போல் நீண்ட ஆயுள் வாய்க்கும் என்பது நம்பிக்கை, தோலுக்கு உறுத்தாது என்பது நடைமுறை. இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, கையில் வசம்பு வளையல், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு ஆகிய மூன்றும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அதற்கும் மேலே போய், முதல் மொட்டைக்கு முன்பு ஆண் பிள்ளைக்குச் சடை பின்னிப் பூ வைத்துப் பாவாடை கட்டிப் படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் எங்கள் பக்கத்தில் குறைவு. என் கணவரின் பெற்றோர் வீட்டுக் கூடத்தில் அப்படியொரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்குகிறது. பழனிக்குப் போகும் முன் ஸ்டூடியோவில் எடுத்தது. சடை முன்பக்கம் தெரிவதற்காகப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். வருபவர்கள் எல்லாம் "இந்தப் பாப்பா யாருங்க?" என்று கேட்பதும், படத்திலிருக்கும் என் கணவர் எழுந்து உள்ளே போய்விடுவதும் இருபது ஆண்டுகளாக நடக்கின்றன.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் இந்த விஷயத்தில் அவசரப்படவில்லை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் முதல் ஏழு பருவங்களும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவானவை. அதன் பிறகே சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று ஆண்பாலும், கழங்கு, அம்மானை, ஊசல் என்று பெண்பாலும் பிரிகின்றன. அம்புலிப் பருவத்துக்குப் பதினெட்டாம் மாதம் என்று இலக்கணம் சொல்கிறது. குழந்தை நிலவைப் பார்த்துக் கைநீட்டும் வரை ஒரே வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். முதற்கடையின் மேலாளரிடம் எனக்கு வைக்க ஒரு கோரிக்கை இருந்தால் இதைத்தான் வைப்பேன்: 18 மாதம் வரை ஒரே சுவர் போதும், அளவு வாரியாக அடுக்குங்கள்.

நிறத்தின் பணி பார்ப்பவருக்குத் துப்புக் கொடுப்பது என்றால், அந்தப் பணியை அது ஒழுங்காகச் செய்கிறதா என்பதையும் மதிப்புரையில் சொல்லத்தான் வேண்டும். ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போன நாளில், ரோஸ் துணிகளெல்லாம் மழையில் காயாமல் கிடந்ததால், எங்கள் நாத்தனார் மகன் போட்டுக் கழித்த நீல ஜப்லாவை மாட்டிக் கூட்டிப்போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னிருந்த அம்மாள் யாரையும் கேட்கவில்லை. "தம்பி நல்லா மொறைக்கறானே" என்றார். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. "பாருங்க, என்ன கோவம் வருதுன்னு" என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பத்தாம் வாரம் அதே இடம், அதே செவிலியர், அதே வீறிடல். குழந்தை இம்முறை ரோஸ் சட்டையில் இருந்தது. "பாவம், பயந்துக்கிச்சு பாப்பா" என்றார்கள். அமெரிக்காவில் 1976இல் வெளியான ஓர் ஆய்வு இதே காட்சியைத்தான் சோதித்தது. ஒன்பது மாதக் குழந்தை ஒன்று பெட்டியிலிருந்து துள்ளியெழும் பொம்மையைப் பார்த்து அழும் ஒரே படத்தைக் காட்டினார்கள். அது ஆண் குழந்தை என்று கேட்டுப் பார்த்தவர்கள் அந்த அழுகையில் கோபத்தை அதிகம் கண்டார்கள், பெண் குழந்தை என்று கேட்டுப் பார்த்தவர்கள் அச்சத்தைக் கண்டார்கள். சுகாதார நிலையத்தின் மர பெஞ்சில் உட்கார்ந்து அதை நேரில் பார்க்க நேர்ந்தது எனக்கு வேடிக்கையாகவும் சற்றுக் கசப்பாகவும் இருந்தது. குழந்தைக்கு வலித்தது, அவ்வளவுதான்.

வெள்ளைச் சட்டையில் கூட்டிப்போன நாட்களில் மட்டும் மக்கள் ஊகிப்பதை விட்டுவிட்டு, "என்ன குழந்தைங்க?" என்று வாய்விட்டுக் கேட்டார்கள். வெள்ளைக்காரப் பாணி ஆடைகள் வருவதற்கு முன் நம் தெருக்களில் இந்தக் கேள்வி இயல்பாகவே புழங்கியது. "குழந்தை அழுகிறது" என்று அஃறிணையில் பேசிப் பழகிய மொழிக்கு, பதில் வரும் வரை காத்திருப்பதில் சங்கடம் எதுவுமில்லை. எங்கள் பக்கத்தில் கொஞ்சுவதற்குள்ள சாமி, கண்ணு, தங்கம் ஆகிய மூன்று சொற்களுக்கும் அந்தப் பதில்கூடத் தேவையில்லை.

இரண்டாவது கடை திருப்பூர் காதர்பேட்டையில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஏற்றுமதியில் மிஞ்சியதும் உள்நாட்டுக்குத் தைத்ததும் மூட்டை மூட்டையாகக் குவிந்திருக்கும் அந்தச் சந்துகளில், பிறந்த குழந்தைத் துணிகளை மட்டும் விற்கும் பத்துக்குப் பத்துக் கடை அது. உடன் வேலை பார்க்கும் தோழியொருத்தி அழைத்துப் போனாள். கல்லாவில் இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாளுங்க ஆச்சு?" என்பது. பதினெட்டு நாள் என்றேன். "வெயிட் என்னங்க?" என்றார். சொன்னதும் பின்னாலிருந்த அட்டைப் பெட்டிகளில் 56 என்று எழுதியதை இழுத்துக் கொடுத்தார். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னபோது, "சந்தோசமுங்க, மகாலட்சுமி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கழுத்துப்பட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

56 என்பது சென்டிமீட்டர். ஐரோப்பிய வணிகர்கள் கைக்குழந்தை ஆடைகளுக்கு மாதக் கணக்கைவிடக் குழந்தையின் நீளத்தையே அளவாக எழுதுகிறார்கள். 50, 56, 62, 68 என்று ஆறு ஆறாகக் கூடும். பிறக்கும் குழந்தை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்பதால், நாடாவால் தலை முதல் குதிகால் வரை ஒருமுறை அளந்துவிட்டால் எந்தப் பெட்டியைத் திறப்பது என்பதில் குழப்பமே இல்லை. மூன்று மாதம் என்று எழுதிய சட்டை எந்த மூன்று மாதக் குழந்தைக்கு என்பதை யாராலும் சொல்ல முடியாது. எட்டு மாத அனுபவத்தில், துணி வாங்குவது பற்றி நான் கற்றுக்கொண்டவற்றுள் மிகவும் பயன்பட்டது இந்த அளவுமுறை.

பெரியவர் காட்டிய தோள்மடிப்புச் சட்டையையும் சொல்ல வேண்டும். தோளில் முன்துண்டும் பின்துண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடிந்திருக்கும் கழுத்தை நான் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். "அது அழகுக்கு இல்லீங்க" என்று ஒரு பொம்மையின்மேல் மாட்டிக் காட்டினார். கழுத்து அகல விரிவதால், குழந்தை மலம் கழித்து முதுகுவரை ஏறிவிட்டாலும் சட்டையைத் தலைவழியாக இழுக்காமல் தோளிலிருந்து கீழ்நோக்கி உருவிவிடலாம். பத்து உருப்படிப் பெட்டியில் வந்த தாளில் துவைக்கும் வழி, இஸ்திரி வழி எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். இந்த ஒரு வரி இல்லை. அன்றிரவே எங்களுக்கு அது பயன்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கே வாங்கியவை: முடிக்கயிறு வைத்த வெள்ளை ஜப்லா ஒரு டஜன், தோள்மடிப்புச் சட்டை ஆறு, மெல்லிய கால்சட்டை ஆறு. மூன்றுக்கும் சேர்த்து, முதற்கடையின் ஒரு பெட்டி விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகமாயிற்று. சட்டையிலும் கால்சட்டையிலும் நிறங்கள் நம் விருப்பத்துக்குக் கிடைக்கா. கட்டைப் பிரிக்காமல்தான் கொடுப்பார், கட்டில் வெள்ளை, சாம்பல், கடுகு மஞ்சள், நீலம், ரோஸ் எல்லாம் கலந்திருக்கும். எந்த நிறமும் யாருக்கும் என்பது அவருடைய கொள்கையன்று, கட்டின் நிர்ப்பந்தம் என்றே நினைக்கிறேன். பாய்ஸ், கேர்ள்ஸ் என்று தனித்தனியாகத் தைத்த ஏற்றுமதி மிச்சமும் அவரிடம் வருகிறது. "எங்கிட்ட வந்தா எல்லாம் ஒரே பெட்டிங்க" என்று சிரித்தார்.

குறைகளும் உண்டு. கடையில் நிற்க இடமில்லை. கைக்குழந்தையோடு போவது முடியாத காரியம். சில்லறையாக ஒன்றிரண்டு கேட்டால் முகம் சுருங்கும். நான் போன இரண்டு முறையும் அச்சிட்ட பில் கிடைக்கவில்லை, துண்டுச் சீட்டில் கூட்டல் மட்டும் கிடைத்தது. மாற்றித் தர மாட்டார். டஜனில் ஒரு ஜப்லாவுக்கு முடிக்கயிறு ஒரு பக்கம் தைக்கப்படவே இல்லை, இன்னொன்றின் முதுகில் எண்ணெய்க் கறை. சாம்பல் நிறம் முதல் துவையலிலேயே பக்கத்துத் துணியில் இறங்கியது. வெள்ளையையும் நிறத்தையும் கட்டாயம் பிரித்து நனைக்க வேண்டும். டிச் பட்டன் வைத்தவற்றை அங்கேயே பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். நான் எடுத்தவற்றில் இரண்டின் பட்டன் பிடிக்கவில்லை. முதற்கடையில் பட்டன்கள் எல்லாம் திடமாக இருந்தன என்பதையும், பதினைந்து நாளுக்குள் கேள்வி கேட்காமல் மாற்றித் தந்தார்கள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். குளிரூட்டிய அறையில் பாலூட்ட மறைவிடம் வைத்திருப்பது அவர்களுடைய தனிச் சிறப்பு. திருப்பூர்ச் சந்தில் அதற்கு வழியே இல்லை.

பரிசு வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 56 விட்டு 62 அல்லது 68 எடுங்கள், ஏனென்றால் முதல் அளவில் எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒன்பது ரோஸ் பெட்டிகளில் ஐந்தை ஒருமுறைகூடப் போடாமல் குழந்தை வளர்ந்துவிட்டது. காதர்பேட்டை வெள்ளை ஜப்லாக்களோ நாளுக்கு ஆறு வீதம் துவைத்து நைந்து மெத்தென்றாகியிருக்கின்றன. முடிக்கயிறு இல்லாததற்கு அம்மா பழைய பாவாடை நாடாவைக் கத்தரித்துத் தைத்துவிட்டார். வரும் தை மாதம் தோழியின் தங்கைக்குப் பிரசவம். பன்னிரண்டையும் வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறோம்.